பேட்டர்ன் யாருடையது?

கோவைக்காரரை ஏமாற்றுவது கஷ்டம் என்பார்கள். பவுண்டரியில் வார்ப்புக்கு ஆர்டர் கொடுக்கும்போதே, 'பேட்டர்னுக்குக் காசு கொடுத்தது நானுங்க, அது என்னோடது' என்று கறாராகப் பேசிவிடுவார். அதே மனிதர் மொபைல் கேம் செய்யக் கம்பெனி தேடிப் போனால்? ஏசி ரூம், பெரிய டிவியில் டெமோ, ஒரு ஃபில்டர் காபி. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்!

என் நண்பர் ஒருவர் அப்படித்தான் வந்தார். ஆறு மாதம் கழித்து ஸோர்ஸ் கோடைக் கேட்டால், 'அது எங்களோடதுங்க' என்று பதில். கொதித்துப் போனார். கோபம் நியாயம்தான். ஆனால், சட்டம் அவர் பக்கம் இல்லை.

1957-ம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்ததாலேயே வெளிக் கம்பெனி எழுதிய புரோகிராம் உங்களுடையது ஆகிவிடாது. உரிமையை எழுதி வாங்க வேண்டும். அதிலும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தே வருடம். எந்தெந்த நாட்டுக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். கேம் விற்பதோ உலகம் பூராவும்!

'பெரிய கம்பெனியாகப் பார்த்துக் கொடுத்தால் போச்சு' என்கிறீர்களா? 2014-ல் உலகையே பைத்தியமாக அடித்த ஃப்ளாப்பி பேர்டை உருவாக்கியது, வியட்நாமில் ஒரே ஓர் ஆள். அதனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். அவர்கள் ஏற்கெனவே செய்த கேமை விலை குறைந்த போன் ஒன்றில் இறக்கி, நீங்களே ஆடிப் பாருங்கள். ப்ளே ஸ்டோர் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். ஒரே ஒரு தடவை 25 டாலர்தான். பணத்தைத் தவணையாகக் கொடுங்கள், ஒவ்வொரு தவணைக்கும் கோடை வாங்கிக்கொண்டு.

தண்ணீர் இறைத்துக் காட்டாமல் பம்ப்செட்டுக்குப் பணம் தராத ஊர் இது. கேம் என்றதும் மட்டும் ஏனுங்க வாயை மூடிக்கொள்கிறீர்கள்?