அர்த்தநாரிக்கும் நானோவுக்கும் முடிச்சுப் போடாதீர்கள்

செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வந்திறங்கும் மாணவர் கூட்டத்தில் யாராவது ஒருவர் தர்மராஜ ரதத்து அர்த்தநாரீஸ்வரரைக் காட்டி, "ஜானஸ் நானோ துகளைப் பல்லவன் அப்பவே கண்டுபிடிச்சிட்டான்" என்று ஆரம்பித்துவிடுவார். கேட்கச் சுகம்தான். ஆனால் 7ஆம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்த சிற்பிக்கு அந்தப் பெருமையே போதாதா? செய்யாத வேலைக்கு எதற்குச் சான்றிதழ்?

ஜானஸ் என்பது ரோமானியர்களின் இரட்டை முகச் சாமி. ஒரு பாதி தங்கம், மறுபாதி இரும்பு ஆக்சைடு. அல்லது ஒரு பாதி தண்ணீருக்கு, மறுபாதி எண்ணெய்க்கு. இப்படிப்பட்ட துகள்கள் டி ஜென் 1991 நோபல் உரையில் பேசிய பிறகுதான் பிரபலமாயின.

பெயர் வைப்பது சுலபம், செய்வதுதான் பாடு. தண்ணீரில் உருண்டுகொண்டே இருக்கும் துகளில் ஒரு பக்கம் மட்டும் எப்படிப் பூசுவது? 2006-ல் அமெரிக்காவில் கிரானிக் குழுவினர் மெழுகைப் பிடித்தார்கள். சூடான தண்ணீரில் சிலிக்கா மணிகளையும் உருகிய மெழுகையும் கலக்கினால் மணிகள் மெழுகுத் துளிகளின் மேல் ஒட்டிக்கொள்ளும். ஆறியதும் பாதி உடல் மெழுகில் மாட்டிக்கொள்ளும். வெளியே தெரியும் பாதியில் ரசாயனத்தை ஏற்றி, பிறகு மெழுகைக் கரைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் (சொல்ல!). இன்னொரு வழி, மணிகளைக் கண்ணாடி மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பி, மேலிருந்து தங்கம் படியவைப்பது. 100 நானோமீட்டர் சிலிக்கா மணி ஒரு கிராம் வேண்டுமென்றால் 7, 8 சதுர மீட்டர் பரப்ப வேண்டும். ஒரு சின்ன அறையின் தரை!

இதை மறந்துவிட்டு, "கடலில் எண்ணெய் கொட்டினால் நானோ துகளைத் தூவினால் போதும்" என்று செமினாரில் முழங்குகிறார்கள். இருமுகத் துகள் எண்ணெயைத் தின்னாது. எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் போய் உட்கார்ந்து, துளிகள் ஒன்றோடொன்று சேராமல் காவல் காக்கும். ஒரு பாதி காந்தத்துக்கு இழுபடாவிட்டால் அந்தத் துளிகளை வெளியே எடுப்பது யார்? மீனவர் வலையா?

2017 ஜனவரி 28-ல் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது கரையில் அதை அள்ளியது வாளி. டன் கணக்கில் அள்ளினார்கள். கிராம் கணக்கில் துகள் செய்கிறவர்கள் முதலில் அந்தக் கணக்கைப் போடட்டும்.