தம்பி வாத்தியம்

சென்ற ஞாயிறு மாலை திருகோணமலை உட்துறைமுக வீதியில் நாம் காற்று வாங்கியவாறு நடந்துகொண்டிருந்தோம். துறைமுகத்திலே பண்டகசாலைக் கணக்கராயிருக்கும் நண்பர் ஒருவர் தம் வீட்டு வாசலில் நின்று கைதட்டி அழைத்தார். "நல்ல வேளை வந்தீர்கள். உள்ளே ஒரு வழக்கு நடக்கிறது, நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்" என்றார்.

வழக்கு இதுதான். நண்பரின் மகன் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்தவன். அயலிலுள்ள இளைஞர் இசைக்குழுவில் பேஸ் கிற்றார் வாசிப்பவன். இதுவரை இரவல் வாத்தியம். இனிச் சொந்தமாக ஒன்று வேண்டும். அவன் மனம் நாடுவது அமெரிக்காவிற் செய்த ஃபெண்டர். தகப்பனார் காட்டுவதோ, அதே கம்பனி ஸ்குவையர் என்னும் பெயரில் விற்கும் மலிவான வாத்தியம். முன்னதன் விலைக்குப் பின்னதில் நான்கைந்து வாங்கலாம். தாயார் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தம் இரு காப்புகளையும் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார். அடகு வைப்பதற்கு ஆயத்தம்!

வேடிக்கை பார்க்கும் நினைவோடு உள்ளே சென்ற நமக்கு, காப்புகளைக் கண்டதும் வேடிக்கை மறந்துவிட்டது.

பேஸ் கிற்றார் யாதென வினவும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. இளையராஜாவின் பாடல்களில், பாடுவோர் குரலுக்குக் கீழே தனியே ஒரு நடை நடந்து செல்லும் கனத்த நாதத்தைக் கேட்டிருப்பீர்கள். அந்த நாதத்துக்கு உரிய நான்கு தந்தி வாத்தியமே இது. முன்னாளில் இவ்வேலையை ஆளுயர டபுள் பேஸ் செய்துவந்தது. அதைத் தூக்கிச் செல்வதே ஒரு தண்டனை. 1951 ஆம் ஆண்டில் லியோ ஃபெண்டர் என்னும் அமெரிக்கர், தோளில் மாட்டிக்கொள்ளக்கூடிய மின்சார பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். வீணைக்குப் போல அதற்கும் மெட்டுகள் இருந்தமையால் சுருதி பிசகாமல் விழுந்தது. எனவே 'பிரிசிஷன்', அஃதாவது துல்லியம், என்று அதற்குப் பெயரிட்டார்.

இனித் தம்பியின் கதை. ஸ்குவையர் என்பது மிச்சிகன் மாநிலத்தில் தந்தி செய்துவந்த ஒரு பழைய கம்பனியின் பெயர். 1965 இல் அதனை ஃபெண்டர் வாங்கியது. அதே ஆண்டில் ஃபெண்டரும் சி.பி.எஸ். என்னும் பெரும் நிறுவனத்தின் கைக்கு மாறிற்று. அதன் பின்னர் வாத்தியங்களின் தரம் தளர்ந்ததென்று கலைஞர் பலர் குறைப்பட்டனர். அவ்வேளையில் ஜப்பானியர் அதே அமைப்பில் நல்ல வாத்தியங்களைக் குறைந்த விலைக்குச் செய்து குவித்தனர். வேறு வழியின்றி ஃபெண்டர் 1982 இல் ஜப்பானிலேயே தன் வாத்தியங்களைச் செய்விக்கத் தொடங்கி, அவற்றிற் சிலவற்றுக்கு ஸ்குவையர் என்ற பழைய பெயரைச் சூட்டியது. பழைய அளவுகளைப் பார்த்து அவ்வளவு சிரத்தையோடு செய்தமையால், தம்பி அண்ணனுக்கு நிகராக நின்றான். அக்காலத்து ஸ்குவையர்களைச் சேகரிப்போர் இன்றும் தேடி அலைகின்றனர்.

1942 ஏப்ரல் 9 ஆம் திகதி இத்துறைமுகத்தின்மேல் ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. 'ஜப்பான் சாமான்' என்றால் மலிவுச் சரக்கு என்று ஏளனம் செய்த காலமும் ஒன்று இருந்தது. நாற்பது ஆண்டுகளில் அந்தச் சொல்லின் பொருளே மாறிவிட்டது. இப்பொழுது ஸ்குவையர் இந்தோனேசியாவிலும் சீனாவிலும் செய்யப்படுகிறது. ஊரைக் கேட்டுத் தரத்தை அளப்பவர் அன்றும் ஏமாந்தனர்; இன்றும் ஏமாறுவர்.

ஆயினும் வரலாறு தீர்ப்பாகாது. எனவே ஒரு பரீட்சை வைத்தோம். குழுவின் தலைவனிடம் கனடாவிலிருந்து மாமனார் அனுப்பிய ஃபெண்டர் உண்டு. இன்னொரு பையனிடம் ஸ்குவையர் உண்டு. இரண்டுக்கும் புதுத்தந்தி பூட்டி, ஒரே ஒலிபெருக்கியிற் சேர்த்து, நண்பரின் மகனே திரைக்குப் பின்னிருந்து மாற்றி மாற்றி வாசித்தான். இப்பால் அயல்வீட்டு முதிய தவில் வித்துவான் கண்ணை மூடி அமர்ந்திருந்தார். மூன்று முறை கேட்டதில் இருமுறை அவர் ஸ்குவையரையே "விலை கூடியது இதுதான்" என்றார்.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. தடித்த தந்தி விநாடிக்கு ஏறக்குறைய 41 தடவை அதிர்கிறது. கீழே மெல்லிய கம்பி சுற்றிய காந்தம் அவ்வதிர்வை மின்னோட்டமாக மாற்றுகிறது. காந்தத்துக்கு விலை தெரியாது.

ஆனால், நீதி சொல்ல அமர்ந்தவர் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஸ்குவையரின் குமிழைத் திருப்பியபோது கரகரத்தது. மெட்டின் ஓரமொன்று விரலைக் கீறியது. ஃபெண்டரை விற்றாலும் நல்ல விலை போகும். ஆகவே மலிவானதை வாங்குவோர் சோதித்து வாங்குக. கழுத்து வளையாதிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பன்னிரண்டாம் மெட்டின்மேல் தந்தியை மெல்லத் தொட்டு எழுப்பும் நாதமும், அங்கேயே அழுத்தி எழுப்பும் நாதமும் ஒரே சுருதியில் நிற்கின்றனவா என்று கேட்க வேண்டும். நம் ஊர்க் கடற்காற்றின் உப்பு அண்ணனென்றும் தம்பியென்றும் பார்ப்பதில்லை. வாசித்து முடிந்ததும் தந்தியைத் துணியால் துடைத்தல் இருவர்க்கும் பொது.

பையனுக்கு இன்னும் மனம் ஆறவில்லை. "மேடையிலே பெயரைப் பார்ப்பார்களே, ஐயா?" என்றான்.

வித்துவான் சிரித்தார். "தம்பி, என் தவில் எந்த ஊரிற் செய்தது என்று ஐம்பது வருடமாக ஒருவரும் கேட்கவில்லை. தாளம் தப்பிய நாளில் மட்டும் எல்லாரும் கேட்டார்கள்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆடத் தெரிந்தவளுக்குக் கூடம் சற்றுக் கோணலாயினும் ஆட்டம் நிற்பதில்லை. நாம் சொல்ல வேண்டிய தீர்ப்பை வித்துவான் சொல்லிவிட்டார்.

பையன் சற்று நேரம் பேசாதிருந்தான். பின்னர் மேசைமேலிருந்த காப்புகளை எடுத்துச் சென்று, தாயாரின் கையில் தானே போட்டுவிட்டான்.