தலையெழுத்தா? தவறவிட்ட நாளா?

குறைமாதத்தில் பிறந்த குழந்தை பிழைத்து வீடு வந்து, ஆறு மாதமாகியும் தாயின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லையென்றால், நம் ஜனங்கள் சொல்லும் முதல் வார்த்தை "எல்லாம் தலையெழுத்து" என்பதுதான். அந்த எழுத்தை எழுதியது யார் என்று சற்று விசாரிப்போம்.

கண்ணின் உட்புறத்திலிருக்கும் விழித்திரைக்கு வேண்டிய இரத்தக் குழாய்கள், தாயின் வயிற்றில் நாலாவது மாதம் முதல் வளரத் தொடங்கி, பிறக்குந் தறுவாயில்தான் ஓரம்வரை எட்டுகின்றன. குழந்தை முன்னதாகவே பிறந்துவிட்டால் அவ்வளர்ச்சி பாதியில் நின்று, பிறகு தாறுமாறாய்க் கிளம்பி, விழித்திரையையே பிய்த்துவிடுகிறது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து டாக்டர் டெர்ரி என்பவர் 1942இல் இக்கேட்டை எழுதி வெளியிட்டார். உயிர் காக்கவென்று அளவுமீறிக் கொடுத்த பிராணவாயுவே முக்கியக் காரணமென்பது 1950களில் சோதனையால் ருசுவாயிற்று. ஆகவே எழுதியவன் பிரமனுமல்ல, பூர்வஜென்ம பாவமுமல்ல.

இன்று பிராணவாயுவை அளந்தே கொடுத்தாலும், மிகச் சிறிய குழந்தைகளுக்கு இந்நோய் வரத்தான் செய்கிறது. வெளியே பார்த்தால் அது நல்ல கண்ணாகவே தோன்றும். பெற்றவளுக்கும் தெரியாது, பாட்டிக்கும் தெரியாது. சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்து, காமிராவால் விழித்திரையைப் படம் பிடித்தால் தெரிந்துவிடும். உரிய சமயத்தில் லேசர் ஒளியால் சிகிச்சை செய்தால் பெரும்பாலான கண்கள் தப்பும். விழித்திரை பிய்ந்த பிறகு ஓடுவதால் பலன் சொற்பமே.

"ஊருக்கு ஊர் கண் டாக்டருக்கு எங்கே போவது?" என்பார்கள். கர்நாடகத்தில் 2008 முதல், டாக்டரல்லாத, பயிற்சி பெற்ற ஆட்களே காமிராவுடன் ஜில்லா ஆஸ்பத்திரிகளுக்குச் சென்று படமெடுக்க, பெங்களூரிலுள்ள டாக்டர்கள் பார்த்து முடிவு சொல்லி வந்திருக்கிறார்கள். மனமிருந்தால் மற்ற இடங்களிலும் ஏன் முடியாது என்று கேட்கிறோம்.

1996இல் சென்னையில் பிறந்த ஒரு குறைமாதக் குழந்தையை, கண் சோதனை செய்யாமலே ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அதன் பார்வை போயிற்று. 2015இல் சுப்ரீம் கோர்ட் சுமார் 1 கோடியே 80 லட்சம் ரூபாய் நஷ்டஈடு விதித்தது. கோடி கொடுத்தாலும் பார்வை திரும்புமா?

தோழர்களே! 2 கிலோவுக்குக் குறைந்தோ, 34 வாரம் நிரம்பாமலோ பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் இச்சோதனை நடந்தாக வேண்டும். மிகச் சிறியதானால் இரண்டு மூன்று வாரத்திலேயே நடக்க வேண்டும். டாக்டர் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். உயிரைக் காத்துக் கண்ணைக் கைவிடும் வைத்தியம் அரை வைத்தியமே என்று சர்க்காரையும் கேளுங்கள். தொட்டிலிட நல்ல நாள் பார்ப்பவர்கள், முதலில் இந்த 30 நாளை எண்ணட்டும்.