மல்லாட்டைக்கு யார் பொறுப்பு?

திண்டிவனம் பக்கத்து வல்லத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். ஐரோப்பியர் நேரே உண்பதற்கு அதை அனுப்பவேண்டுமானால், அஃப்ளாடாக்சின் என்னும் பூஞ்சை நஞ்சு அதில் நூறு கோடிப் பங்குக்கு நான்கு பங்கைத் தாண்டலாகாது. 1960-ல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகளை மடித்த நஞ்சு அது. ஆகவே விதியை நாம் குறைகூறோம்.

ஆனால் நஞ்சு பெரும்பாலும் பிறப்பது எங்கே? வறட்சியில் வாடும் கொல்லையிலும், ஈரம் உலராத களத்திலுமே. அங்கே தார்ப்பாய்க்கும் உலர்களத்துக்கும் பணம் கொடுப்பவர் யார்? மூட்டையைத் தள்ளிவிடுவது வியாபாரிக்கு எளிது. நஷ்டம் உழவர் தலையில். கப்பலேறாத அம்மூட்டை நம் கடைத்தெருவுக்கே வரவுங்கூடும். தூய பருப்பைக் கேட்பவர் அதற்குரிய விலையையும் களத்துமேட்டிலேயே கொடுப்பதுதான் நியாயம்.