திரையில் கரும்புள்ளி! "அஞ்சு வரைக்கும் சகஜம்" என்றால் சும்மா விடுவதா?

திருவேங்கடம் பஜாரில் ஒரு சட்டை எடுக்கிறீர்கள். வீட்டுக்கு வந்து பிரித்தால் பொத்தான் ஒன்று இல்லை. மறுநாளே போய், "என்ன அண்ணாச்சி இது, வேற குடுங்க" என்பீர்கள். அண்ணாச்சியும் மறுபேச்சு பேசாமல் மாற்றிக் கொடுப்பார்.

முப்பதாயிரம், நாற்பதாயிரம் கொட்டிக் கொடுத்து வாங்கும் லேப்டாப்புக்கு மட்டும் இந்த நியாயம் செல்லாதாம்! திரையில் கடுகளவு கரும்புள்ளி ஒன்று உட்கார்ந்திருக்கும். ஊதினால் பறக்காது, துடைத்தால் போகாது. தூக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனால், அங்குள்ள தம்பி கண்ணைச் சுருக்கி எண்ணிப் பார்ப்பார். "ரெண்டுதான் சார் இருக்கு. கம்பெனி கணக்குப்படி அஞ்சு வரைக்கும் சகஜம்" என்று திருப்பிக் கையில் கொடுத்துவிடுவார். இந்த எண்ணிக்கை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வாங்கும் முன் இதை யாராவது உங்களிடம் சொன்னார்களா? சொல்ல மாட்டார்கள்!

அது என்ன புள்ளி? சங்கரன்கோவில் தறிக்காரர்களுக்கு நொடியில் புரியும் சங்கதி இது. பாவும் ஊடும் குறுக்கும் நெடுக்குமாக ஓடித்தானே சேலை ஆகிறது? திரையும் அப்படித்தான். சாதாரண லேப்டாப்பில் குறுக்கே 1366, மேலிருந்து கீழே 768 கட்டம். பெருக்கினால் பத்து லட்சத்து 49 ஆயிரத்துச் சொச்சம். ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் பிக்சல். ஒவ்வொன்றுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துண்டு. ஆக மொத்தம் 31 லட்சம் துண்டுக்கு மேல்! ஒவ்வொரு துண்டுக்கும் வெளிச்சத்தைத் திறந்து மூட ஒரு குட்டி டிரான்சிஸ்டர் உண்டு. அது கெட்டுப்போனால் அந்த இடம் இருண்டு கிடக்கும், அல்லது விடிய விடிய ஒரே நிறத்தில் எரியும். இருண்டு கிடப்பது செத்த புள்ளி. எரிந்துகொண்டே இருப்பது சிக்கிக்கொண்ட புள்ளி. இரண்டும் வேறு வேறு என்பதை ஞாபகம் வையுங்கள். வைத்தியம் பார்க்கும்போது உதவும்.

31 லட்சத்தில் ஒன்று இரண்டு பழுதானால் குடியா முழுகிவிடும் என்று கேட்கலாம். கேள்வி நியாயம்தான். நம்ம பக்கத்துத் தீப்பெட்டி ஆபீசில் இருந்து வரும் பெட்டியில் ரெண்டு குச்சிக்கு மருந்து இல்லாவிட்டால் யார் சண்டைக்குப் போகிறார்கள்? நானும் போக மாட்டேன். ஆனால் அந்தப் பெட்டி 2 ரூபாய். லேப்டாப் ஒரு குமாஸ்தாவின் இரண்டு மாதச் சம்பளம்! தறியில் ஒரு இழை விட்டுப்போனால் நெய்தவர் கூலியில் கை வைக்கிறார்கள். கோடி கோடியாய் விற்கும் கம்பெனிக்கு மட்டும் இழை விட்டால் 'சகஜம்' என்று யார் சலுகை கொடுத்தது?

கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். 2001-ல் ஐ.எஸ்.ஓ. 13406-2 என்று ஒரு சர்வதேசத் தர விதி வந்தது. திரைகளை அது நாலு வகுப்பாகப் பிரித்தது. முதல் வகுப்பில் ஒரு புள்ளி கூடப் பழுதாக இருக்கக் கூடாது. கம்பெனிகள் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது இரண்டாம் வகுப்பை! அதன்படி பத்து லட்சம் பிக்சலுக்கு முழுதாக எரியும் புள்ளி 2, முழுதாக இருண்ட புள்ளி 2, அரைகுறைத் துண்டு 5 வரை இருக்கலாம். இப்போது வரும் 1920-க்கு 1080 திரையில் இருபது லட்சத்துக்கு மேல் பிக்சல். அதனால் இந்தக் கணக்கு இரட்டிப்பாகும். திரை நயமாக ஆக, பழுதுக்கும் இடம் கூடுகிறது. வேடிக்கையைப் பார்த்தீர்களா! 2008-ல் 9241-307 என்று புது விதி வந்தும் வகுப்பு பிரிக்கும் பழக்கம் போகவில்லை.

முடியவே முடியாத காரியமா என்றால், அதுவும் இல்லை. டெல் கம்பெனி தன் உயர்ரக மானிட்டர்களுக்கு, எரியும் புள்ளி ஒன்றே ஒன்று இருந்தாலும் மாற்றித் தருவதாக உறுதி கொடுக்கிறது. கூடக் காசு கொடுப்பவருக்கு ஒரு புள்ளியும் பழுதுதான். கடன் வாங்கிப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுப்பவருக்கு அஞ்சும் சகஜம். எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான்.

இங்கே அலைச்சலும் சேர்ந்துகொள்கிறது. கம்பெனியின் சொந்த சர்வீஸ் சென்டர்கள் பெரிய ஊர்களில்தான். திருவேங்கடத்துக்காரர் சங்கரன்கோவிலுக்கு பஸ் ஏறி, அங்கே ஆகாவிட்டால் திருநெல்வேலி போகவேண்டும். ஒரு நாள் வேலையும் போச்சு, பஸ் காசும் போச்சு. ரெண்டு தடவை அலைந்தவர் மூன்றாம் தடவை "போய்த் தொலையட்டும்" என்று விட்டுவிடுவார். கம்பெனிக்கு அதுதானே வேண்டும்?

வைத்தியம் உண்டா? சிக்கிக்கொண்ட புள்ளிக்கு உண்டு. அந்த இடத்தில் பல நிறங்களைப் படபடவென்று மாற்றி மாற்றிக் காட்டும் இலவச புரோகிராம்கள் இருக்கின்றன. அரை மணி, ஒரு மணி ஓடவிட்டால் சில புள்ளிகள் வழிக்கு வரும். செத்த புள்ளி பிழைப்பது அபூர்வம். பென்சில் முனையால் அழுத்தச் சொல்லும் மேதாவிகளும் உண்டு. கேட்காதீர்கள்! ஒரு புள்ளி பத்தாகிவிடும், வாரண்டியும் போய்விடும். வாரண்டி முடிந்து, புள்ளியும் ஓரத்தில் கிடந்தால் அப்படியே விடுங்கள். அதற்காகச் சில ஆயிரம் செலவழித்துத் திரையையே மாற்றச் சொல்லும் ஆசாமியிடம் ஏமாறாதீர்கள்.

புதுசு என்றால் விடாதீர்கள். 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. பழுதான பொருளைப் பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம் என்று அதில் இருக்கிறது. 1915-க்குத் தமிழிலேயே போன் போட்டுப் புகார் சொல்லலாம். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டும். நோட்டீஸ் கிடைத்து மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் இழுக்கத்தான் செய்யும். "வாரண்டி விதியிலேயே போட்டிருக்கிறோம்" என்று கம்பெனி வாதாடும். "என் கண்ணில் காட்டினீர்களா?" என்று நீங்கள் கேளுங்கள்.

என் கோரிக்கை பெரிசு இல்லை. 'இத்தனை புள்ளி பழுதானால்தான் மாற்றுவோம்' என்பதைப் பெட்டி மேலேயே, விலைக்குப் பக்கத்தில், தமிழில், அதே அளவு எழுத்தில் போடட்டும். எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்று பார்ப்போம்!

அரசு லேப்டாப்புக்கும் இதைச் சொல்கிறேன். 2011 செப்டம்பரில் தொடங்கி லட்சக்கணக்கில் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். 2025 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு என்று மறுபடி அறிவிப்பு வந்தது. இலவசம்தானே என்று வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை, தம்பிகளே, தங்கச்சிகளே. அதுவும் ஜனங்கள் கட்டிய வரிப்பணம்தான். கையெழுத்துப் போடும் முன்னாலேயே திறந்து பாருங்கள்.

கடையில் வாங்குபவரும் கல்லாவில் காசு கட்டிய கையோடு அங்கேயே திறக்கச் சொல்லுங்கள். முழுத்திரையும் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து நிறம் காட்டச் சொல்லுங்கள். இரண்டு நிமிஷ வேலை. வெள்ளையில் கரும்புள்ளி தெரியும், கறுப்பில் எரியும் புள்ளி தெரியும். தபாலில் வரவழைப்பவர்கள் பெட்டியைப் பிரிப்பதிலிருந்தே செல்போனில் படம் பிடியுங்கள். பில்லை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.