படுக்கைக்குப் பணம் உண்டு, பரிசோதனைக்கு இல்லை!

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கான 18 சதவீத ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டுள்ளது. வரவேற்க வேண்டிய முடிவுதான். ஆனால் தைராய்டு, பி.சி.ஓ.எஸ். போன்ற பிரச்சினைகளுக்காக மருத்துவர் எழுதித் தரும் ஹார்மோன் ரத்தப் பரிசோதனைக்கு அந்தக் காப்பீடு கைகொடுக்கிறதா? பெரும்பாலும் இல்லை.

நம் நாட்டில் பெரும்பாலான பாலிசிகள் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் பணம் தருகின்றன. சரி, டெஸ்ட் எடுப்பதற்காகவே ஒருநாள் அட்மிட் ஆகலாமா? பரிசோதனைக்காக மட்டும் சேருவோருக்குப் பணம் இல்லை என்று பாலிசியின் விலக்குப் பட்டியலே சொல்லிவிடுகிறது. 'ஆரோக்கிய சஞ்சீவனி' பாலிசியில் அட்மிஷனுக்கு முந்தைய 30 நாள், பிந்தைய 60 நாள் செலவுகள் கிடைக்கும். அதுவும் அதே நோய்க்கானதாக இருந்தால்தான்.

விளைவு? மாதவிடாய்க் கோளாறையும் தீராத களைப்பையும் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று பெண்கள் தள்ளிப்போடுகிறார்கள். கர்ப்ப காலத்தில் கவனிக்கப்படாத தைராய்டு குறைபாடு குழந்தையின் மூளை வளர்ச்சியையே பாதிக்கக்கூடும்.

எனவே பாலிசி எடுக்கும்போதே வெளிநோயாளிச் செலவு அதில் சேருமா என்று கேளுங்கள். மருத்துவரின் சீட்டையும் அசல் பில்லையும் பத்திரப்படுத்துங்கள். 'பேக்கேஜ்' விளம்பரத்தைப் பார்த்து நீங்களாகவே டெஸ்ட் எடுக்காதீர்கள். எது தேவை என்பதை மருத்துவர் சொல்லட்டும். வசதியில்லாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம்.

வரியை நீக்கிய அரசு, நோயைத் தொடக்கத்திலேயே கண்டறியும் செலவையும் காப்பீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். நோய் முற்றிய பிறகு லட்சங்களைக் கொடுப்பதைவிட அது எவ்வளவோ மேல்!