ஆயத்துறை ஆபீஸர்

மார்ச் மாதம் வந்தால் எங்கள் அக்கவுண்ட்ஸ் நண்பருக்குப் பிள்ளையார், ஆஞ்சநேயர், நாகூர் ஆண்டவர் எல்லாரும் வேண்டும். "உங்க டிபார்ட்மென்ட்டுக்குன்னே ஒருத்தர் இருக்கார் சார்" என்றேன். நம்பவில்லை.

இருக்கிறார். மத்தேயு. இயேசுவின் பன்னிரண்டு சீடர்களில் ஒருவர். லேவி என்றும் ஒரு பெயர். கணக்கர், பாங்க் ஊழியர், வரி வசூலிப்பவர் அத்தனை பேருக்கும் கத்தோலிக்கர்கள் வைத்திருக்கும் பாதுகாவலர். செப்டம்பர் 21 அவருக்குத் திருநாள். இத்தாலியில் வரி ஏய்ப்பவர்களைத் துரத்துகிற போலீஸ் படைக்கும் இவரேதான்.

கலிலேயாவில் கப்பர்நகூம் என்று ஓர் ஏரிக்கரை ஊர். அங்கே ஆயத்துறையில் (பழைய தமிழ் பைபிளின் அருமையான வார்த்தை, சுங்கச்சாவடி என்று கொள்க) வசூலுக்கு உட்கார்ந்திருந்தார். அந்நாளில் வரி வசூல் காண்டிராக்ட் மாதிரி. மேலிடத்துக்குக் கட்டவேண்டியதைக் கட்டிவிட்டால் மிச்சம் நம் பைக்கு. ஊர் மதிக்குமா? ஆயக்காரனையும் பாவியையும் ஒரே மூச்சில்தான் சொன்னார்கள்.

இயேசு அந்தப் பக்கம் வந்தார். கூட வரச் சொன்னார். மனிதர் எழுந்து போய்விட்டார். ஒரே ஒரு வசனம். நோட்டீஸ் பீரியட் கிடையாது, சார்ஜ் ஒப்படைத்ததாகவும் தகவல் இல்லை.

பேதுருவும் வேலையை விட்டவர்தான். ஆனால் மீனவர். எல்லாம் நடந்து முடிந்த பிறகும் ஒரு ராத்திரி அவர் மறுபடி மீன் பிடிக்கக் கிளம்பியதாக யோவான் எழுதியிருக்கிறார். ஏரி எங்கேயும் போய்விடாது. சாவடி சீட் அப்படியா? மறுநாளே வேறொருவன் உட்கார்ந்திருப்பான். வீட்டில் என்ன சொன்னார்களோ! லூக்கா சொல்கிறபடி, சக ஆயக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுப் பெரிய விருந்து வைத்தார். சென்ட்-ஆஃப் பார்ட்டி, சொந்தச் செலவில்.

அவர் பெயரில் உள்ள சுவிசேஷத்தை அவரே எழுதவில்லை என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் சொல்கிறார்கள். எனக்கென்னவோ கணக்கப்பிள்ளை வாசனை அடிக்கிறது. கோயில் வரிக்கு மீன் வாயில் காசு, கடைசி ஒரு மணி நேரம் வேலை பார்த்தவனுக்கும் முழுக்கூலி, இதெல்லாம் மத்தேயுவில் மட்டும்தான் வருகிறது. ஒரு கதையில் வேலைக்காரன் ராஜாவுக்கு வைத்த பாக்கி 10,000 தாலந்து. ஒரு தாலந்து என்பது 6,000 வெள்ளிக்காசு; ஒரு காசு ஒரு நாள் கூலி. பெருக்கினால் ஆறு கோடி நாள் சம்பளம். பி.எஃப். லோனில் அடையாது.

1600 வாக்கில் கரவாஜியோ என்ற ஓவியர் ரோமில் ஒரு சர்ச்சுக்காக இந்தக் காட்சியை வரைந்தார். மேஜையைச் சுற்றி ஐந்து பேர். வலது ஓரத்தில் இயேசு கை நீட்டுகிறார். தாடிக்காரர் ஒருவர் விரல் காட்டுகிறார், 'நானா?' என்பதுபோல. அவர் காட்டுவது தன்னையா, மேஜை முனையில் குனிந்து காசு எண்ணும் இளைஞனையா என்று இன்னும் சண்டை ஓயவில்லை.

படத்தை நண்பரிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"அந்தப் பையன்தான் சார் மத்தேயு. டேலி ஆகிற வரைக்கும் எவன் தலை நிமிருவான்?" என்று சொல்லிவிட்டு வவுச்சர் கட்டைப் பிரித்தார்.